வேலைக்குப் போகிறவர் வீட்டில் இஞ்சிச் சோடாவும் கம்புச்சாவும்: திருநெல்வேலி வெயிலுக்கு ஏற்ற குறுக்கு வழிகள்

கேள்வி இது: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்த்தபோது வீட்டில் பியர் காய்ச்சிப் பழக்கம் உண்டு. இப்போது வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், வாரத்தில் ஒரு மணி நேரம் ஒழிந்தாலே பெரிது. இங்கே எளிதாக ஏதாவது காய்ச்ச முடியுமா?

பியரை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்கு மட்டும்தானே என்ற சமாதானம் எடுபடாது. பனங்காடு இவ்வளவு இருக்கிற இந்தச் சீமையிலேயே கள்ளுக்கு 1987 முதல் தடை. சட்டத்தை விட்டாலும் நம் ஊர்ச் சூடு பியருக்கு ஒத்துவராது. பியருக்குப் போடும் சாதாரண ஏல் வகை ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் நிதானமாக வேலை செய்ய வேண்டியது. அதை 33 டிகிரியில் விட்டால் தொண்டையை எரிக்கும் ஃப்யூசல் ஆல்கஹால் சேரும், தின்னர் வாடை அடிக்கும். அதற்கென்று தனி ஃபிரிட்ஜ் வைத்து வெப்பத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதுவே நேரம் இல்லாதவர் வேலை இல்லை.

பியர் காய்ச்சுகிறவர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கையாண்ட வழிகள் மட்டும் நமக்கு அப்படியே உதவும். முளைகட்டிய தானியத்திலிருந்து தொடங்கினால் ஒரு தடவை காய்ச்ச ஐந்தாறு மணி நேரம் போகும். அதைக் குறைக்க மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்ற, அந்தத் தானியத்தின் கெட்டிச் சாற்றைக் கடையில் வாங்கி ஊறவைக்கும் கட்டத்தையே தாண்டினார்கள். தானியத்தைத் துணிப்பையில் கட்டி ஒரே பாத்திரத்தில் முடித்தார்கள். குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி மீதிக்குக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்கள். ஆஸ்திரேலியாவில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது ஆறவைக்கும் வேலையையே விட்டுவிட்டு, கொதிக்கும் சாற்றைத் தடித்த பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மூடி மறுநாள் எடுக்கும் பழக்கம் பரவியது. இத்தனையிலும் நொதித்தலை யாரும் அவசரப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். நொதிப்பதற்கு உங்கள் நேரம் தேவையே இல்லை. நேரம் போவது கழுவுவதில், ஆறவைப்பதில், நொதிக்க வைக்கும் தாய்க் கலவைக்குத் தினமும் தீனி போடுவதில், பாட்டில் பாட்டிலாக நிரப்புவதில். இந்த நான்கையும் வெட்டினால் வாரத்துக்கு அரை மணி நேரம் தாராளம்.

நம் ஊரில் ஐந்தாவதாக ஒன்று உண்டு, வேகம். குளிர் நாட்டுச் சமையல் குறிப்பில் 'அறை வெப்பத்தில் மூன்று நாள்' என்று இருந்தால் அந்த அறை 20 டிகிரி. நம் வீட்டில் சித்திரையில் இரவு பத்து மணிக்கே 32 இருக்கும். மூன்று நாள் வேலை ஒரே இரவில் முடிந்துவிடும், நான்காவது இரவு பாட்டில் வெடிக்கும். ஆகவே இங்கே திட்டம் போட வேண்டியது, எப்போது தொடங்குவது என்பதற்கு அல்ல. பாட்டிலைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைக்க எந்த மணிக்கு வீட்டில் இருப்பீர்கள் என்பதற்கு. அதைக் கணக்கிட்டுப் பின்னோக்கி வாருங்கள்.

நேரம் குறைவானவருக்கு நான் முதலில் சொல்வது கெட்டி இஞ்சிச் சாறு. ஒரு லிட்டர் சாற்றை நொதிக்க வைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, குடிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கடைச் சோடா சேர்ப்பது. மூன்று லிட்டர் பானத்துக்கு ஒரே பாட்டில்தான் கழுவ வேண்டும், ஒரே பாட்டிலைத்தான் கண்காணிக்க வேண்டும். குமிழியைச் சோடாவே தந்துவிடுவதால் சாறு முழு அழுத்தம் ஏறும்வரை நிற்க வேண்டியதில்லை. ருசி ஏறினால் போதும், நிறுத்திவிடலாம். வெடிக்கும் பயமும் ஆல்கஹாலும் இரண்டுமே குறைகிற வழி இது.

ஒரு லிட்டர் சாற்றுக்கு இஞ்சி 120 கிராம், சீனி 150 கிராம், எலுமிச்சை நான்கு, உப்பு ஒரு சிட்டிகை, பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 0.2 கிராம். அவ்வளவு சிறிய எடையை வீட்டுத் தராசு காட்டாது. கால் டீஸ்பூனில் கால் பங்கு என்று கொள்ளுங்கள். கூடுதலாகப் போட்டால் வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் பானம் பன் ரொட்டி வாடை அடிக்கும்.

இஞ்சியை மண் போகக் கழுவித் தோலோடு துருவுங்கள், அல்லது மிக்சியில் இரண்டு சுற்று. 400 மி.லி. தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்து, இஞ்சியையும் சீனியையும் போட்டு மூடி 15 நிமிடம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேக வைத்தால் இஞ்சியின் பச்சை மணம் போய்க் கஷாய வாடை வந்துவிடும். பிறகு மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டி, அதில் ஃபிரிட்ஜில் இருந்த 600 மி.லி. தண்ணீரை ஊற்றுங்கள். சாறு 65 டிகிரியிலும் தண்ணீர் 10 டிகிரியிலும் இருந்தால் கலவை 32 டிகிரிக்கு வரும். ஈஸ்டுக்கு அது போதும், ஆறவைக்கக் காத்திருக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் இது நடக்காது: மாடித் தொட்டியில் மதியம் 38 டிகிரி இருக்கும் தண்ணீரைச் சேர்த்தால் கலவை 49-ஐ ஒட்டி நின்றுவிடும், ஈஸ்ட் பெரும்பாலும் செத்துவிடும். சந்தேகம் இருந்தால் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் கொதிக்க வைத்து ஆற்றி ஃபிரிட்ஜில் ஏற்றிய தண்ணீரையே எடுங்கள். கேன் தண்ணீரும் சரிதான்.

இரண்டு எலுமிச்சையின் சாற்றை இப்போது சேருங்கள், மீதி இரண்டைக் குடிக்கும்போது பிழிந்துகொள்ளலாம். முன்னால் சேர்ப்பது வேண்டாத பாக்டீரியாவைத் தடுக்கப் புளிப்புக்காக. பின்னால் பிழிவது மணத்துக்காக. நொதிக்கும்போது கிளம்பும் வாயு எலுமிச்சை மணத்தை வாரிக்கொண்டு போய்விடும். புளியங்குடிப் பழமாக இருந்தால் சாறு அதிகம், மூன்றே போதும்.

கடைசியாக ஈஸ்டைத் தூவிக் கலக்கிப் பாட்டிலில் ஊற்றி, மேலே நாலு விரல் இடம் விட்டு மூடுங்கள்.

பாட்டில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். குளிர்பானம் வந்த, தடித்த அடிப்பாகம் உள்ள பெட் பாட்டில் மட்டும். அது அழுத்தத்துக்கென்றே செய்தது. தண்ணீர் பாட்டில் வேண்டாம், மெல்லியது. கண்ணாடி அறவே வேண்டாம். கிளிப் மூடி போட்ட கண்ணாடி பாட்டில் படத்தில் அழகாக இருக்கும். 33 டிகிரி அறையில் அது கண்ணாடித் துண்டுகளைச் சிதறடிக்கும். லிட்டருக்கு 150 கிராம் சீனி முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 75 கிராம் கரியமில வாயு உண்டாகும். நல்ல சோடாவிலேயே லிட்டருக்கு 6 முதல் 8 கிராம்தான் இருக்கும். அதாவது பாட்டிலுக்குள் தேவைக்குப் பத்து மடங்கு எரிபொருள் அடைத்து வைத்திருக்கிறீர்கள், குளிர் ஒன்றுதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது.

பெட் பாட்டிலில் இன்னொரு வசதி, அதுவே அழுத்தம் காட்டும் மானியும் கூட. பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் தளதளவென்று உள்ளே போகும். இறுகி, ஆனால் அழுத்தினால் இன்னும் சற்றுக் குழி விழுகிற கட்டம்தான் கெட்டிச் சாற்றுக்கு நிறுத்தும் இடம். உடனே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். கல் மாதிரி ஆகிவிட்டால் தாண்டிவிட்டீர்கள். மூடியை மயிரிழை திருகி வாயுவை மெல்ல விட்டுவிட்டு வையுங்கள்.

எத்தனை மணி நேரம் ஆகும்? 30 முதல் 32 டிகிரியில் பெரும்பாலும் 10 முதல் 14 மணி நேரம். அக்னி நட்சத்திர நாட்களில் எட்டிலேயே வரலாம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் வீடு 25-க்கு இறங்கினால் ஒரு நாள் முழுவதும் கேட்கும். முதல் தடவை ஞாயிறு காலையில் போட்டு, ஆறாவது மணியிலிருந்து இரண்டு மணிக்கொரு முறை அமுக்கிப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கு தெரிந்த பிறகு வேலைநாளில் இரவு ஒன்பதுக்குப் போட்டுக் காலை ஏழுக்கு எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பலாம். காலையில் போட்டுவிட்டு அலுவலகம் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். பகல் சூட்டில், யாரும் இல்லாத வீட்டில், பத்து மணி நேரம் என்பது சூதாட்டம்.

ஆல்கஹால் எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஈஸ்ட் எவ்வளவு எடைக்கு வாயு உண்டாக்குகிறதோ கிட்டத்தட்ட அதே எடைக்கு ஆல்கஹாலும் உண்டாக்கும். குழி விழும் கட்டத்தில் லிட்டருக்கு 3 கிராம் வாயு என்று வைத்தால் ஆல்கஹால் 0.4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சோடா கலந்து குடிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு. உணவுப் பாதுகாப்பு விதிகள் 0.5 சதவீதத்துக்கு மேல் போனதைத்தான் மதுபானம் என்கின்றன. கல்லாக இறுக விட்டு அப்படியே குடித்தால் முக்காலையும் தாண்டும். ஃபிரிட்ஜிலும் ஈஸ்ட் ஊர்ந்துகொண்டேதான் இருக்கும், எனவே பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரு துளியும் கூடாது என்று இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஈஸ்ட் போடாமலேயே இதே சாற்றை எலுமிச்சையோடு ஃபிரிட்ஜில் வைத்துச் சோடா கலந்து கொடுக்கலாம். ருசி ஒரு படி குறையும், அவ்வளவுதான்.

கருப்பட்டி போடலாமா என்பது இங்கே எல்லாரும் கேட்பது. போடலாம், நன்றாகவே இருக்கும்; ஆனால் மொத்தச் சீனியையும் மாற்ற வேண்டாம். 90 கிராம் சீனி, 70 கிராம் உடன்குடிக் கருப்பட்டி என்ற அளவு சரியாக வரும். கருப்பட்டியைத் தனியே கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஐந்து நிமிடம் தெளிய விட்டு, மேலாக இறுத்து எடுங்கள். அடியில் மணலும் சுண்ணாம்பும் நிற்கும். பதனி புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள் அல்லவா, அதன் மிச்சம் கருப்பட்டிவரை வரும். சுண்ணாம்பு புளிப்பை மட்டுப்படுத்தும் என்பதால் எலுமிச்சை ஒன்று கூடுதலாகப் பிழியுங்கள். பதனியையே நொதிக்க வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு இல்லாத பதனி சில மணி நேரத்தில் கள், அது சட்டத்தின் அந்தப் பக்கம்.

நன்னாரி சர்பத்தை வாங்கி ஈஸ்ட் போட்டு நுரைக்க வைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. லேபிளில் 211 அல்லது 202 என்ற எண் இருந்தால் அது சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட்; ஈஸ்டைத் தடுப்பதற்கென்றே போட்டது. சர்பத்தைத் தம்ளரில் கலந்துகொள்ளுங்கள், அதற்குத்தான் அது. வேரிலிருந்தே செய்வதானால் 20 கிராம் நன்னாரி வேரைத் தட்டி, நடுத்தண்டை எறிந்துவிட்டு, பட்டையை மட்டும் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மேலே சொன்ன 400 மி.லி. தண்ணீருக்குப் பதில் அதைச் சூடாக்கி எடுக்கலாம். இஞ்சியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நன்னாரி இருந்த இடம் தெரியாது.

இஞ்சியில் இயற்கையாக இருக்கும் ஈஸ்டை வளர்க்கும் தாய்க் கலவையைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். ருசியில் அதற்குத்தான் ஆழம் அதிகம், மறுக்கவில்லை. தினமும் இஞ்சியும் சீனியும் போட்டு அதைப் பராமரிக்க வேண்டும்; நம் சூட்டில் ஒரு நாள் மறந்தால் மேலே வெள்ளைப் படலம் கட்டும். அரை மணி நேரம் மட்டுமே இருப்பவர் அதில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது வழி, தொடர்முறைக் கம்புச்சா. இனிப்பு டீயைப் புளிக்க வைத்து எடுக்கும் பானம் இது; ஜாடியைக் காலி செய்யாமல் எடுக்க எடுக்க ஊற்றிக்கொண்டே போவதுதான் தொடர்முறை. ஒரு முறை நிறுவிவிட்டால் வாரம் இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம். ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி, அடியில் குழாய் வைத்தது வாங்குங்கள். குழாய் நல்ல எவர்சில்வர் அல்லது உணவுத்தர பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். முலாம் பூசிய பித்தளைக் குழாயைப் புளிப்பு அரித்துவிடும். அலுமினியம், ஈயப் பாத்திரமும் அப்படியே.

தொடக்கத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இலைத் தேயிலை 15 கிராம், சீனி 200 கிராம். டஸ்ட் டீ வடிகட்டியைத் தாண்டிச் சேறாக அடியில் படிந்து குழாயை அடைக்கும். ஏலக்காய், மசாலா கலந்த தூளும் வேண்டாம், அதிலுள்ள எண்ணெய் பாக்டீரியாவுக்கு ஆகாது. இனிப்பு டீ 30 டிகிரிக்கு இறங்கியதும் ஸ்கோபியையும் (கம்புச்சாவின்மேல் கட்டும் நுண்ணுயிர்ப் படலம்), நன்றாகப் புளித்த பழைய கம்புச்சா 400 மி.லி.யையும் சேருங்கள். வழவழப்பான தட்டு மாதிரி இருக்கும் ஸ்கோபியைத்தான் எல்லாரும் பெரிதாக நினைப்பார்கள். உண்மையில் வேலை செய்வது அந்தப் புளித்த தண்ணீர். தொடக்கத்திலேயே பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5-க்குக் கீழே இருந்தால்தான் பூஞ்சணம் நெருங்காது. பிஹெச் தாள் ஒரு கட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு அது ஒன்றுதான் கருவி.

நெருக்கமாக நெய்த வேட்டித் துணியால் வாயைக் கட்டுங்கள். கொசுவலைத் துணியில் பழ ஈ நுழைந்துவிடும். ஜாடியை அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, அதன் நடுவே கவிழ்த்த கிண்ணத்தின்மேல் உட்கார வையுங்கள், எறும்பு ஏறாது. அடுப்பு மேடையும் சன்னல் வெயிலும் வேண்டாம். நம் சூட்டில் ஐந்தாறு நாளில் முதல் சுற்று வந்துவிடும். பிஹெச் 3-ஐ ஒட்டி இருக்கும்போது இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும்.

அதன் பிறகு மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை குழாயைத் திறந்து 1.2 லிட்டர் பிடித்துக்கொண்டு, அதே அளவு இனிப்பு டீ ஊற்ற வேண்டியது. இதற்கும் அதே கணக்கு: 300 மி.லி. கொதிநீரில் 6 கிராம் தேயிலை, 80 கிராம் சீனி, பத்து நிமிடம். வடிகட்டி 900 மி.லி. ஃபிரிட்ஜ் தண்ணீர் சேர்த்தால் 29 டிகிரியை ஒட்டி வரும், நேரே ஜாடியில் ஊற்றலாம். ஒரே தடவையில் பாதிக்கு மேல் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் மிச்சப் புளிப்பு போதாமல் பூஞ்சணம் வரும், இந்த முறையின் பாதுகாப்பே போய்விடும். ஜாடியைத் தினமும் கழுவ வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை காலி செய்து, சோப்பு இல்லாமல் வெந்நீர் விட்டுத் தேய்த்தால் போதும். தடித்துவிட்ட ஸ்கோபியில் பாதியை உரித்து எறிந்துவிடலாம்.

குழாயில் பிடித்த கம்புச்சாவைப் பாட்டிலில் அடைத்து இரண்டாம் நொதித்தல் செய்யலாம்தான், ஆனால் நேரம் தின்னும் கட்டமே அது. நேரே ஃபிரிட்ஜில் வைத்து, குடிக்கும்போது பாதிக்குப் பாதி சோடா கலந்து, நன்னாரி சர்பத் ஒரு கரண்டி விடுங்கள். முதல் வாரம் நாளுக்கு அரைத் தம்ளர் போதும், வயிறு பழக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது. கம்புச்சாவிலும் சிறிது ஆல்கஹால் உண்டு. மூடி அடைத்து வெளியே வைத்தால்தான் அது ஏறும்.

படலத்தின்மேல் பஞ்சு மாதிரி உலர்ந்து, பச்சை, கறுப்பு அல்லது வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சணம். ஸ்கோபி உட்பட எல்லாவற்றையும் கொட்டுங்கள், மேலாக வழித்துவிட்டுக் குடிக்கும் சாமர்த்தியம் வேண்டாம். அடியில் தொங்கும் பழுப்பு நார் ஈஸ்ட்தான், தொந்தரவில்லை. காடி மாதிரிப் புளித்துப்போனால் கெட்டதல்ல, தாமதித்துவிட்டீர்கள். அதை அடுத்த சுற்றுக்குத் தாயாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெங்காயம் ஊறவைக்கலாம்.

இஞ்சிச் சாற்றில் ஒரு நாள் ஆகியும் பாட்டில் இறுகவில்லை என்றால் சாறு சூடாக இருந்து ஈஸ்ட் செத்திருக்கும், இல்லாவிட்டால் பிரித்துப்போட்டுப் பழசான பாக்கெட். ஈஸ்டைப் பிரித்த பிறகு காற்றுப்புகா டப்பாவில் ஃபிரீசரில் வையுங்கள். அரைத் தம்ளர் வெதுவெதுப்பான சீனித் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பதினைந்து நிமிடத்தில் நுரைக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். திறக்கும்போது பொங்கி வழிந்தால் ஒன்று போதுமான குளிர் இல்லை, அல்லது இஞ்சிச் சக்கை சரியாக வடிகட்டப்படவில்லை. ஒவ்வொரு துகளும் குமிழி கிளம்பும் இடம். அடியில் வெள்ளையாகப் படிவது இஞ்சி மாவும் ஈஸ்டும். ஊற்றும்போது ஆட்டாமல் ஊற்றினால் போதும்.

காலியான பாட்டிலை அந்த நிமிடமே தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றிக் கவிழ்த்து வைத்தால் அடுத்த முறை தேய்க்க வேலை இல்லை. பெட் பாட்டிலில் 60 டிகிரிக்கு மேல் வெந்நீர் ஊற்றினால் சுருங்கிப்போகும், அழுத்தமும் தாங்காது. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் பிசுபிசுத்தால் மூடியை மாற்றுங்கள்.

மின்சார வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முந்தின நாளே பார்த்துவைப்பது இந்த வேலையில் அவசியம். காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் மதியம் தாண்டித்தான் வரும். மூடியே இருக்கும் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம்வரை குளிரைப் பிடித்துவைக்கும், அதன் பிறகு ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். அன்று காலை கிளம்பும்முன் இஞ்சிப் பாட்டிலின் மூடியைத் திறந்து வாயுவை விட்டு, தளர்வாக மூடி வையுங்கள். ஊருக்கு ஒரு வாரம் போகிறீர்கள் என்றால் இஞ்சிச் சாற்றைப் போடவே வேண்டாம். இருப்பதைக் குடித்து முடித்துவிடுங்கள். கம்புச்சா ஜாடியை மட்டும் அப்படியே விட்டுப் போகலாம், மூன்று வாரம்வரை கவலை இல்லை. திரும்பி வந்ததும் பாதியைக் காடியாக எடுத்துவிட்டு, புது டீயை ஊற்றி மூன்றாம் நாள் ருசி பாருங்கள். எறும்புத் தட்டில் தண்ணீர் வற்றாமல் இருக்கப் போகும்போது விளிம்புவரை ஊற்றிவிட்டுப் போங்கள்.